சாக்கடைப் பாலத்தில் ஓர் ஓடை

இந்த அவைக்குத் தலைமையேற்று, மேடைப் படியிலும் "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று எங்களை ஒழுங்குபடுத்திய ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரும், நம் கரையோரச் சங்கத்தின் தலைவருமான ஐயா அவர்களே! ஒலிபெருக்கிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் அவர்களே! நீர்நிலை நிதியத்திலிருந்து அன்று ஆய்வாளராக வந்து, இன்று எங்கள் வீட்டுப் பெண்ணாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே! பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளில் மழலையை ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! சேற்றில் இறங்கியவர்களே, சேற்றில் இறங்கியவர்களுக்குத் தேநீர் கொடுத்தவர்களே! தன்னைப் பற்றிப் பேசிவிடுவேனோ என்று மூன்றாம் வரிசையில் தலையைத் தாழ்த்தி அமர்ந்திருக்கும் தையற்கார அக்கா அவர்களே! பேசத்தான் போகிறேன் அக்கா. மன்னித்துவிடுங்கள். அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. ஒரு மூலையில் அமர்ந்து விண்ணப்பம் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆனால் தலைவர் விடவில்லை. "எழுதுனது நீதானேம்மா, ஏறிப் பேசு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஏறிய பிறகு நடுவில் இறங்க முடியுமா?

ஒரு சிறிய வேண்டுகோளோடு தொடங்குகிறேன். எல்லோரும் ஒருமுறை மூச்சை நன்றாக இழுங்கள். இழுங்கள், வெட்கப்பட வேண்டாம். என்ன வாசம் வருகிறது? ஒன்றுமில்லையா? அந்த 'ஒன்றுமில்லை'தான் நம் வெற்றி! சென்ற ஆண்டு இதே இடத்தில் மேடை போட்டிருந்தால், வந்த விருந்தினருக்கு மாலை போடுவதற்கு முன்னால் மூக்கைக் கட்டிவிட்டிருக்க வேண்டும்.

இந்தக் கரையில் நாம் எத்தனை காலமாக வாழ்கிறோம்! இதைச் சாக்கடை என்றோம். இதன் மேல் இருக்கும் பாலத்தைச் சாக்கடைப் பாலம் என்றோம். வீட்டுக்கு வழி கேட்டவர்களுக்குச் "சாக்கடை தாண்டி வாங்க" என்றோம். பேருந்து நிறுத்தத்துக்கும் அதே பெயர். அந்தப் பெயரை ஊர் முழுக்க ஒலிபரப்பியவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லாமலே எல்லோரும் தலைவரைப் பார்க்கிறீர்களே, அது என் குற்றமில்லை.

இப்படி இருக்கையில்தான், சற்றுமுன் இங்கே பேசினாரே, அந்தப் பொறியாளர் நகராட்சியிலிருந்து வந்தார். நல்ல மனிதர். "நாத்தம் தாங்கலன்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க? கான்கிரீட் போட்டு மூடிடறோம்" என்றார். நாம் மகிழ்ந்தோம். கைகூடத் தட்டினோம். மூட வேண்டுமென்றால் இயந்திரம் கரைக்கு இறங்க வேண்டும், இயந்திரம் இறங்க வழி வேண்டும், அந்த வழியில் நிற்பது ஒரே ஒரு வீடு என்று அவர் சொன்ன பிறகுதான் தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அந்த வீடு, முன்னறையில் தையல் இயந்திரமும் பின்னறையில் குடும்பமுமாக இருக்கும் நம் அக்காவின் வீடு.

அக்கா அழவில்லை. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் சட்டைத் துணி கொடுக்கப் போன என்னிடம் துணியைத் திருப்பிக் கொடுத்தார். "புது ஆர்டர் எடுக்கறதில்ல கண்ணு. தச்சு முடிக்கிற வரைக்கும் வீடு இருக்கணுமே" என்றார். சொல்லிவிட்டு, கையில் இருந்த பழைய துணிக்குப் பொத்தான் தைக்கத் தொடங்கிவிட்டார்.

பெரியோர்களே! அந்தத் துணியோடு வீட்டுக்குத் திரும்பிப் போவதா? நீங்கள் போவீர்களா? நான் தலைவரிடம் போனேன். தலைவர் பொறியாளரிடம் போனார். பொறியாளர் ஒரு வழி விட்டார். மழைக்காலத்துக்குள் நீங்களே இதைச் சுத்தமாக்கிக் காட்டினால் மூடும் திட்டத்தை நிறுத்தி வைக்கிறேன், ஆனால் அதற்கு நகராட்சியில் பணமில்லை என்றார்.

பணம் எங்கே இருக்கிறது? இருக்கிறது ஐயா, இருக்கிறது! மரம் நட இருக்கிறது, மைதானம் அமைக்க இருக்கிறது, குளம் தூர்வார இருக்கிறது, குப்பையைப் பிரிக்க இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் இருக்கிறது! நிதி தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, அறக்கட்டளைகள் இருக்கின்றன, 'யாரும் கேட்கவில்லையே' என்று ஆண்டு முடிவில் அவை வருந்துவதும் உண்டு. கேட்க வேண்டியவர்களோ, 'நமக்கெல்லாம் யார் தருவார்கள்' என்று வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

நாங்கள் திரும்பவில்லை. கேட்டோம். "எங்கள் தெருச் சாக்கடையைச் சீரமைக்க நிதி வேண்டும்" என்று உருக்கமாக எழுதினோம். பதில் ஒற்றை வரியில் வந்தது. சாக்கடைப் பணி எங்கள் வரம்பில் இல்லை. இன்னோர் இடத்தில் இன்னும் உருக்கமாகக் கேட்டோம். அதே பதில். மூன்றாவது இடத்தில், கண்ணீரே வரும்படி கேட்டோம். "படித்துக் கலங்கினோம், ஆனால் சாக்கடைக்குத் தர இயலாது" என்றார்கள். சிரிக்கிறீர்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் அண்ணன் தன் கைபேசியில் ஓர் அறிவிப்பைக் கண்டுபிடித்தார். நீர்நிலைகளைக் காக்கும் உள்ளூர்ச் சங்கங்களுக்கு நிதி! நாங்கள் இருவரும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அதைப் படித்தோம். அண்ணன் பெருமூச்சு விட்டார்.

"நல்ல திட்டம்தான் தங்கச்சி. ஆனா நம்மகிட்ட நீர்நிலை எங்க இருக்கு?"

நானும் "ஆமாண்ணே" என்றேன்.

அவையோரே, நன்றாகக் கவனியுங்கள். பாலத்தின் மேல் நின்றுகொண்டு பேசுகிறோம். காலுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கறுப்பாகத்தான், ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறது. நீர்நிலை எங்கே என்று அதற்கு மேலேயே நின்று தேடுகிறோம்! அண்ணன் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ நாம எது மேல நிக்கிறோம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

குன்றடியில் ஊற்றெடுத்து, ஆலைகளைச் சுற்றி வளைந்து, நம் தெருவைத் தொட்டு, ஆற்றில் கலக்கும் ஓடை இது. வரைபடத்தில் ஓடை என்றுதான் இருக்கிறது. நம் வாயில்தான் இல்லை. நாம் அதை ஓடை என்று கூப்பிட்டதே இல்லை. கூப்பிடாத பெயருக்கு யார் நிதி தருவார்கள்?

அன்றே எழுதினோம். ஓடை என்று எழுதினோம். நேரில் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது. உடனே தலைவர் கட்டளையிட்டார். "ஆய்வாளர் இருக்கிற வரைக்கும் ஒருத்தர் வாயிலயும் அந்த வார்த்தை வரக் கூடாது." தெருவே ஒத்திகை பார்த்தது. வழக்கமாகத் திட்டுவதற்குப் பயன்படுத்தும் சொல்லாயிற்றே, ஒரு வாரம் சண்டை போடக்கூட வழியில்லாமல் போனது!

ஆய்வாளர் அம்மா வந்தார்கள். தலைவர் பழைய சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் காத்திருந்தார். பேருந்து நின்றது. கதவு திறந்தது. பணிக்காலம் முழுதும் இதே இடத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்த நாக்கு, கட்டளையிட்ட அதே நாக்கு, சும்மா இருக்குமா?

"சாக்கடைப் பாலம்! பாத்து இறங்குங்கம்மா!"

கணீரென்ற குரல். தெரு முழுக்கக் கேட்டது. தலைவரே, கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்களே பிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் அன்று உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா தன் காகிதங்களைப் பார்த்தார்கள். "ஓடைன்னு எழுதியிருக்கீங்க. சாக்கடையா, ஓடையா?" என்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா முன்னால் வந்தார். தோளைத் தொட்டு அம்மாவைக் கரைக்கு அழைத்துப் போனார். ஆலைப் பக்கமிருந்து நீட்டிக்கொண்டு, கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினார்.

"அந்தக் குழாய்ல வருதே, அது சாக்கடை. அது வந்து விழுதே, இது ஓடை. ரெண்டையும் ஒண்ணாவே கூப்பிட்டுப் பழகிட்டோம்மா."

"சரி, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"ஓடையில இருந்து சாக்கடைய எடுக்கணும். என் வீடு இருக்கணும்."

நான் பக்கம் பக்கமாக எழுதியதை அக்கா இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். பயந்து சொன்னார். வீடு போய்விடுமே என்ற பயத்தில் சொன்னார். அம்மா அதை அப்படியே குறித்துக்கொண்டார்கள். பிறகு, "உங்க பங்குக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார்கள். கையில் எதுவும் இல்லையே என்று விழித்தோம். "காசு இல்லன்னா என்ன, கை இருக்குல்ல? உழைப்பும் பங்குதான்" என்றார்கள். கை இருக்கிறதா என்று நம்மைப் பார்த்தா கேட்டார்கள்!

நிதி வந்தது! குழாயைத் திருப்பிக் கழிவுநீர்த் தடத்தில் சேர்க்க நிதி வந்தது. கரை கட்ட நிதி வந்தது. சேற்றை அள்ள நாம் வந்தோம். அக்கா சாக்குப் பைகள் தைத்தார். அண்ணன் விளக்குப் போட்டார். கூடை கை மாற, "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று தலைவர் குரல் கொடுத்தார். அந்தக் குரல் இல்லாவிட்டால் பாதிச் சேறு இன்னும் அங்கேயே இருந்திருக்கும். மழை வந்தது. தண்ணீர் உயர்ந்தது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல், போகும் வழி தெரிந்த விருந்தாளியைப் போல ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மூடும் திட்டம் கைவிடப்பட்டது என்று பொறியாளர் சற்றுமுன் இதே மேடையில் சொன்னார். இப்போது தட்டுங்கள்! இந்த முறை கைகள் அந்தரத்தில் நிற்க வேண்டியதில்லை!

பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்தவர்களே, உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். சாக்கடைக்குக் கேட்டோம், மூடி வந்தது. ஓடைக்குக் கேட்டோம், உயிர் வந்தது. உங்கள் தெருவில் 'குப்பைமேடு' என்று நீங்கள் கூப்பிடும் இடம் உண்மையில் எது? மைதானமா, தோப்பா, குளமா? 'பாழடைந்த கட்டிடம்' என்று நீங்கள் கடந்து போவது எது? படிப்பகமா? முதலில் அதை அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு எழுதுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் என்னிடம் வாருங்கள், எழுதிக் கொடுக்கிறேன். மேடையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

நேற்று அக்கா வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனேன். வைக்க இடமில்லை, அவ்வளவு ஆர்டர்! "ரெண்டு மாசம் ஆகும், பரவாயில்லையா?" என்றார். இரண்டு மாதம்! அதைக் கேட்டபோது என் நெஞ்சு நிறைந்தது. அக்கா, இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

முடிக்கும் முன் ஒரே ஓர் ஆசை. தலைவர் ஐயா, எழுந்து வாருங்கள். இந்த ஒலிபெருக்கியைப் பிடியுங்கள். ஊர் முழுக்கப் பரப்பிய அதே குரலில், நிறுத்தத்தின் பெயரை எங்களுக்காக இன்னொரு முறை சொல்லுங்கள்.

"ஓடைப் பாலம்! ஓடைப் பாலம் வந்தாச்சு! எல்லாரும் இறங்கலாம்!"

கேட்டீர்களா? வந்து சேர்ந்துவிட்டோம். கூட வந்த ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஓடைக்கு ஒரு வணக்கம், ஓடைக்கரையில் வாழும் உங்களுக்கு ஒரு வணக்கம். இதோ, நானும் இறங்குகிறேன்.