ஜனாஸா தூக்க முந்தி

— கத்திய வெச்சிட்டுக் கேளு றம்ஸியா. தம்பிர ஜனாஸா கொழும்பால வந்திட்டு. எங்கட வீட்டு முன்னறையில கெடக்கு.

— கேட்டுக்கொண்டுதான் இரிக்கன், ஆதம்பாவாக் காக்கா. கைக்குத்தானே வேலை, காது சும்மாதான் இரிக்கி. இந்தக் கட்டா மீன இப்பயே கீறி உப்புப் போடாட்டி புழுத்திரும்.

— எடி பிள்ளை, நடிகர் ஸஜ்ஜாத் செத்திட்டாரெண்டு ரேடியோவில சொன்னவை, இவர் அவரின்ர தமையனோ? ஐயோ, போன கிழமையும் டீவியில பார்த்தனான். காய்ச்சல்காரப் பெண்சாதிக்குக் கஞ்சி பருக்கினவர். இந்தக் கருவாட்டு வாடி முழுக்க அழுததடி!

— கனகம்மாக்கா, அது நாடகத்துக் கஞ்சி. இந்த முழங்கைத் தழும்பு அடுப்பில பட்டதெண்டு சொன்னன்தானே? அவர் ஊத்தின சுடுதண்ணி.

— என்னடி சொல்லுறாய்? நீ அவரின்ர பெண்சாதியோ? இவ்வளவு காலமா ஒண்டா உப்புப் போடுறம், மூச்சுக் காட்டேல்லையே!

— காழியார்ட்டப் பிரிவெடுத்து இந்தச் சல்லி ஊருக்கு வந்த அண்டோட விட்ட கதை, அக்கா. அலுத்துப் போச்சு.

— பழசக் கிண்டாத புள்ள. குடிச்சான், அடிச்சான், பேப்பரிலயும் வந்த. நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா மௌத்தானவனத் தூக்க முந்தி எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேக்கிற வழமை ஒனக்குத் தெரியும். நீ மன்னிச்சிட்டன் எண்டு சொல்லாம உம்மா தூக்க உடமாட்டாவாம். கட்டிலப் புடிச்சிக்கொண்டு இரிக்கா.

— சொல்லாதை பிள்ளை! கிடக்கட்டும் அங்கையே. அந்தக் கஞ்சிக்கு நான் அழுத கண்ணீரையும் திருப்பித் தரச்சொல்லு.

— நீங்க சும்மா இரிங்க அம்மா! அஸர் தொழுகையோட அடக்கோணும். கொழும்பு டீவிக்காரங்களும் காத்துக்கொண்டு நிக்காங்க. தம்பிர நாடகம் ஒண்டு விடாமச் சீடியில அடிச்சி வெச்சவன் நான். எல்லாத்தையும் அவங்கட்டக் குடுத்திரிக்கன்.

— ஓம், அந்தச் சீடியெல்லாம் எனக்கும் நல்லா ஞாபகம்.

— அப்ப சொல்லன். இந்தா போன். அங்கால ஸ்பீக்கர்ல போட்டிரிக்கி, பள்ளிவாசல் தலைவரும் பக்கத்தில. நாலு பேர் கேட்டாத்தான் உம்மாக்கு ஆறுதல்.

— கையெல்லாம் மீன் ரத்தம். நீங்களே புடிங்க.

— புடிச்சிரிக்கன். கதை.

— மாமி, றம்ஸியா. அழாதீங்க. ஒங்கட மகன மன்னிச்சிட்டன். வாய்க்காகச் சொல்லல்ல. அவரச் சுமந்துகொண்டு திரிய எனக்கும் ஏலாது. தூக்கச் சொல்லுங்க.

— அல்ஹம்துலில்லாஹ்! பெரிய மனசு புள்ள ஒனக்கு.

— போன எடுக்காதீங்க காக்கா, நான் இன்னும் முடிக்கல்ல. மாமி, சீதன வீடில்லாதவ எண்டுதானே ஒங்கட வீட்டுப் பின்னறையில இருந்தன். அவர் அடிக்கக்குள்ள நான் கத்துறது அயலுக்குக் கேக்காம, அவர்ர நாடகத்தையே சீடியில போட்டுச் சத்தத்தக் கூட்டினது ஒங்கட மூத்த மகன். இண்டைக்கும் தம்பிக்குத்தான் மன்னிப்புக் கேட்டு வந்தவர், மாமி. தனக்குக் கேக்கல்ல.