கொட்டாமல் வைத்த தண்ணீர்

சிவாஜிநகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளம்பெண்ணும், அவள் வேலை செய்யும் லேபில் பெருக்கித் துடைக்கும் ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வருஷமா சக்கரை கோத்தேன்க்கா," என்றாள் பெண். என் காது தானாக அந்தப் பக்கம் போனது.

"பாயசத்துக்கா?"

"புதுத் தடுப்பூசிக்கு. நிமோனியா கிருமி மேல இருக்கிற மாதிரியே ஒரு சக்கரைச் சங்கிலி. அதைக் காட்டிவெச்சா உடம்பு கிருமிய அடையாளம் கண்டுக்கும். நேத்து குடுவையப் பிடிச்சுக்கிற கிளிப்பப் போட மறந்தேன், அவ்வளவு சக்கரையும் வெந்நீர் தொட்டில கவுந்துடுச்சு. வழக்கம்போல நீங்க அந்தத் தண்ணிய கொட்டியிருந்தா எல்லாம் போச்சு."

"நீ அழுதுட்டு நின்னே. எப்படிக் கொட்டுவேன்?"

"அதிலிருந்தே முக்காவாசி எடுத்துட்டேன்க்கா."

"அப்போ என் மருமக வயித்துல இருக்கிறதுக்கு அந்த ஊசி போடுவியா?"

"ஊசி வர்றதுக்குள்ள அது ஸ்கூலுக்கே போயிடும்."

"சரி, யார் வீட்டுதுக்காவது போடு கண்ணு."

இறங்கும்போது அந்த அம்மாவின் கூடையைப் பெண்தான் தூக்கிக்கொண்டாள்.