அத்தான் அனுப்பிய பெட்டிகள்

புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும். அதைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஒரே கோடாகக் கிழிந்து வரும். மூடி பெருமூச்சு விட்டபடி தானாக எழும்பும். உள்ளேயிருந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்காகவே பிறவி எடுக்கலாம். நீங்கள் தினம் பத்து வீட்டில் நெட் பெட்டி மாட்டுகிறவர், உங்களுக்கு அது பழகிப்போயிருக்கும். எனக்கு இன்னும் பழகவில்லை.

பதில் சொல்கிறேன் அண்ணா. நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. அம்மா இப்போதுதான் பாலை அடுப்பில் ஏற்றியிருக்கிறாள், அக்கா உள்ளே படுத்திருக்கிறாள், அப்பா கடைக்குக் கண்ணாடி அறுக்கப் போயிருக்கிறார். நேரம் இருக்கிறது. நிதானமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என்னை வீட்டில் எலி என்று கூப்பிடுவார்கள். சத்தமில்லாமல் மூலையில் இருப்பேன் என்பதால் வந்த பெயர். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வராமல் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன் பிறகு எனக்கு வீட்டில் வேலை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒருநாள் நெட் நின்றுபோனது. கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. நான் போய்ப் பின்னால் தளர்ந்திருந்த வயரை அழுத்தினேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. அப்பா என் தலையில் கைவைத்து, "வயரைக் கடிக்காத எலி உலகத்துலேயே இது ஒண்ணுதான்டி" என்று அம்மாவிடம் சொன்னார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

இந்த வீட்டின் அமைப்பை நீங்களே பார்த்தீர்கள். தரைத்தளம், தடித்த சுவர்கள், நாலு பக்கமும் பெரிய கட்டடங்கள். மொட்டைமாடிக்குப் போனால்தான் போனில் சிக்னல் கோடு ஏறும். பிரசவத்துக்கு வந்த அக்காவிடம், படியேறக் கூடாது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் கடல் கடந்த ஊரில் வெல்டர். அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் இருந்தது இந்த வைஃபை ஒன்றுதான். அந்த வைஃபைக்கு நடுவில் இருந்தது நான்.

முதல் தடவை லைன் நிஜமாகவே மக்கர் செய்தது, அதை நம்புங்கள். அத்தான் உடனே ஒரு ரூட்டர் அனுப்பிவைத்தார். கறுப்பு, ஆறு ஆன்டெனா. கவிழ்த்துப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. கையில் நல்ல கனம். பழைய பெட்டி அரை மணியில் தோசைக்கல் மாதிரி சுட்டுவிடும், இது நாள் முழுக்கக் குளிர்ந்தே இருந்தது. சமையலறையில் அம்மாவின் தொடர் தங்குதடையில்லாமல் ஓடியது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "எலிக்குட்டி இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள்.

அதன் பிறகு லைன் நன்றாக இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது. அக்காவும் அத்தானும் மத்தியானம் பேச உட்கார்ந்தால் விளக்கேற்றும்வரை பேசினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அந்த நண்டுக்கு என்று போனில் ஒரு செயலி உண்டு. அதில் வீட்டிலுள்ள போன்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கோடு, கோட்டில் ஒரு பொட்டு. பொட்டை இடப்பக்கம் இழுத்தால் அந்தப் போனுக்கு மட்டும் நெட் மெதுவாகும். அவ்வளவு வழவழப்பான பொட்டு அண்ணா, தொட்டாலே ஓடும். அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த அத்தான், பாதித் தும்மலில் நிற்கிற மாதிரி முகத்தோடு அப்படியே உறைந்துபோனார். அக்கா அலறினாள்: "எலி, ஓடி வா."

ஓடத் தேவையே இருக்கவில்லை, பக்கத்தில்தான் இருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் சிரிப்பீர்கள். சரி செய்வது போல நான் செய்த கூத்துகள் கொஞ்சமில்லை. அப்பாவை எவர்சில்வர் தட்டோடு ஜன்னலோரம் நிற்க வைத்தேன். "இன்னும் கொஞ்சம் சாய்ங்கப்பா" என்றால் மனுஷன் ஒரு காலில்கூட நின்றார். "உங்களைக் கடையில பாத்தா எவனும் மதிக்க மாட்டான்" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா, "மாப்பிள்ளை மூஞ்சி தெரியுதா, அத மட்டும் சொல்லு" என்றார். பொட்டை வலப்பக்கம் நகர்த்துவேன். அத்தான் தும்மி முடிப்பார். வீடே கைதட்டும். அப்படி ஒரு சந்தோஷம் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. அதை உண்டாக்கியது யார்?

அத்தான் அங்கிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பினார். சுவர் பிளக்கில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும் ரிப்பீட்டர் ஒன்று. அழகுதான், ஆனால் அதன் நீல விளக்கு கண்ணைக் குத்தும். பிறகு மூன்று வெள்ளைப் பெட்டிகள், சோப்புக்கட்டி அளவு, அறைக்கு ஒன்றாக வைத்தால் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அற்புதமான பொருள். அதன் செயலியில் பொட்டு இன்னும் பெரிது. கடைசியாக அக்காவுக்கு ஒரு ஹெட்போன் வந்தது, போட்டால் வெளிச்சத்தம் சுத்தமாக நின்றுவிடும். அக்காவுக்குக் காது வலிக்கும் என்று நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

எழுதி அனுப்பிப் பேசியிருக்கலாமே என்பீர்கள். அத்தான் எழுதுவது தந்தி மாதிரி இருக்கும். "சாப்டியா. சரி. தூங்கு." அதைப் படித்து எந்தப் பெண்ணும் உருகமாட்டாள். அக்கா அம்மாவின் போனில் பேசிப் பார்த்தாள். அம்மாவின் போனுக்கும் ஒரு பொட்டு உண்டு.

நான் ஒருபோதும் துண்டித்ததில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். துண்டித்தால் மனிதர்கள் லைனைத் திட்டுவார்கள். கொஞ்சம் தாமதப்படுத்தினால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். இது எந்தப் பெட்டியின் கையேட்டிலும் இல்லை, நானே கண்டுபிடித்தது. "என்னை நினைக்கிறீங்களா?" என்று அக்கா கேட்பாள். அத்தான் அந்தக் கணமே பதில் சொல்லியிருப்பார். அது வந்து சேர்வதற்குள் அக்காவின் உதடு நடுங்கத் தொடங்கியிருக்கும். "இதுக்குக்கூட யோசிக்கணுமா?" என்பாள். அப்போது அவருடைய "உன்னைத் தவிர வேற யாரை நினைப்பேன்" வந்து விழும், காலம் கடந்து.

சண்டை முற்றினால் பொட்டை முழுக்க வலப்பக்கம் தள்ளிவிடுவேன். கோபமாகப் பேசுவது அரைகுறையாகக் கேட்டால் மனதில் தங்கிவிடும். தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது. அந்த நேரங்களில் எங்கள் வீட்டு லைனைப் போல ஒரு லைனை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்கமாட்டீர்கள். அத்தான் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

போன வாரம் அவர் கேட்டார்: "குழந்தை பொறந்ததும் என்கூட வந்துடறியா? வீடு பாத்துட்டேன்." அக்கா வர்றேன் என்றாள். திரும்பத் திரும்ப வர்றேன் என்றாள், கடைசியில் கத்தினாள். அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்தது உறைந்துபோய் வாயைத் திறக்காத ஒரு முகம். வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, "உனக்கு இஷ்டமில்லேன்னா விடு" என்றார். அது மட்டும் மணி அடித்தது போல வந்தது.

அழுதால் ரத்த அழுத்தம் ஏறும், பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். எனக்குத் தெரியும். அதனால்தான் தண்ணீர் செம்பைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தேன். அக்கா என் மடியில் தலைவைத்து, "நீயாவது என்னை விட்டுப் போயிடாதடி" என்றாள். போகமாட்டேன் என்றேன். போனதும் இல்லை.

இன்று சாயங்காலம் அத்தான் கடைசியாக ஒருமுறை கேட்கப் போகிறார். வருகிறாயா, இல்லை பிரிந்துவிடலாமா என்று. அதற்காகத்தான் அங்கிருந்தே புகார் கொடுத்து உங்களை அனுப்பியிருக்கிறார். நீங்கள் உங்கள் கருவியைச் சொருகினீர்கள், லைன் முழு வேகத்தில் வந்தது. செட்டிங்கைத் திறந்தீர்கள். அக்காவின் போனுக்கு எதிரில் பொட்டு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தீர்கள். பரவாயில்லை, எனக்கு வருத்தமில்லை. இவ்வளவு நேரம் நான் பேசுவதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆமாம் அண்ணா, போட்டது நான். முதல் நண்டிலிருந்து இன்றுவரை நான்தான். நீங்கள் அதை நீக்கிவிட்டதையும் பார்த்தேன். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டீர்கள். நல்ல கடவுச்சொல், நான்கூட இதைவிட நல்லதாக யோசித்திருக்க முடியாது.

"உங்க அக்காகிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவ்வளவு பேர் முன்னால் பேச வராது. கதவைத் தட்டிவிட்டுப் போங்கள், நான் தண்ணீர் செம்போடு பின்னாலேயே வருகிறேன். கேட்டால் அவள் உடைந்துபோவாள். அவள் அழுவதை என்னால் தாங்கவே முடியாது. அதனால்தான் அவள் அழும் நேரமெல்லாம் நான் பக்கத்தில் இருக்கும்படி அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.