மைக் மட்டும் ஆனில் இருக்கட்டும்

"நான் இல்லாதப்ப செத்துத் தொலைஞ்சிராதீங்க" என்றாள், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்சீட்டில் இருந்தவள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கை வரை வளைகாப்பு வளையல். பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். ஜன்னலுக்கு வெளியே கணவன். பேச்சு செல்போன் விளையாட்டைப் பற்றியது என்று பிறகுதான் புரிந்தது.

"டிராகன் குகைக்குத் தனியா போகாதீங்க. விழுந்தா மந்திரம் போட்டு எழுப்ப நான் இருக்க மாட்டேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி தனியாத்தான ஆடுனேன்?"

"அப்ப ஜெயிச்சீகளா?"

"ஜெயிச்சேன். ஜெயிச்சு என்ன, சொல்லதுக்கு ஆள் இல்ல. ஏட்டி, ராத்திரி நீயும் கேமுக்கு வாயேன்."

"எங்கம்மா போனைத் தொட விட மாட்டா. கண்ணு கெட்டுரும்னு வைவா."

பஸ் நகர்ந்தது. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"நீ ஆட வேண்டாம். மைக்க ஆன் பண்ணி, போனைத் தலகாணிப் பக்கத்துல வச்சிரு."

"எதுக்கு?"

"நீ பொரண்டு படுத்தா வளையல் சத்தம் கேக்கும்லா. அது போதும், நான் குகைக்குப் போயிருவேன்."