படைக்காத பொங்கல்

வாலாஜாபாத் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தாய்க்குக் கருமம் முடித்த மொட்டைத் தலை. இன்னொருவர் கழுத்தில் சிலுவை.

"உங்க அம்மா கையால ஒரு வாய் சாப்பிட்டதில்லப்பா நானு," என்றார் சிலுவை போட்டவர். "காலேஜ் படிக்கசொல்ல ஆயுத பூஜைக்குக் கூட்டிக்கினு போன. தறிக்குப் படைச்ச பொங்கல் எங்க வேதத்துக்கு ஆகாதுன்னு தட்டத் தள்ளிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

"அம்மா அத தப்பா எடுத்துக்கல."

"சும்மா சொல்லாத."

"அடுத்த வருசத்துலேர்ந்து படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிடுவாங்க. சாமிக்கு முன்னால மனுசனுக்கான்னு அப்பா கத்துவாரு. அந்தப் புள்ள வந்தா என்னத்தக் குடுக்கறதும்பாங்க."

சிலுவை போட்டவர் அவர் பக்கம் திரும்பினார்.

"போன வருசமும் வச்சாங்களா?"

"வச்சாங்க."