சரியாகக் கழுவாத படலம்

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர். கிளாஸைக் கழுவிய வாளியைப் பார்த்துவிட்டேன். தவறாக நினைக்காதீர்கள், எச்சில் என்றாலே எனக்குக் குமட்டும்.

கண்ணம்மாள் எங்கள் கல்லூரி வாசலில் மோர் விற்றவள். இண்டூர்க்காரி. பானைக்குள் மணிக்கட்டு வரை கைவிட்டுக் கலக்குவாள். மூக்கைச் சிந்தும் முந்தானையிலேயே அந்தக் கையைத் துடைப்பாள். படித்த வாத்தியார்களே அதை வாங்கிக் குடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்கள். கர்மம்.

நான் வேதியியல் சொல்லித் தருபவன். எண்பத்தைந்திலிருந்து இரண்டு வருடமாக ஒரே வேலை, பூச்சிமருந்தைக் காட்டிக்கொடுக்கும் படலம். கரிக்குச்சியின் மேல் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சு. அது உறையும்போதே மருந்தை உள்ளே வைத்து, பிறகு கழுவி எடுத்துவிட வேண்டும். மாவில் அச்சை அழுத்தி எடுத்ததுபோல் அந்த மூலக்கூறின் வடிவில் குழிகள் நிற்கும். அதே மருந்து மறுபடி வந்தால் மட்டும் குழியில் உட்காரும், மீட்டரில் முள் நகரும்.

அதை அவள் மோரில் தோய்த்தேன். முள் நகர்ந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். பானையைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள்.

"எம் புள்ளைங்களும் இதத்தாங்க சார் குடிக்குதுங்க," என்று அழுதாள்.

"நாளைக்கு வேற பானை கொண்டா, சோதிச்சுப் பாக்கலாம். அதுலயும் இருந்தா இந்தப் பக்கமே வரக்கூடாது," என்றார் முதல்வர்.

மாலையில் படலத்தை எதுவும் கலக்காத வெறும் வடிநீரில் தோய்த்தேன். அதிலும் முள் நகர்ந்தது. நான் சரியாகக் கழுவவில்லை. உள்ளே தங்கிய மருந்தே கசிந்திருக்கிறது. ஆல்கஹாலில் திரும்பத் திரும்பக் கழுவினேன். முள் அடங்கியது.

இனி அது உண்மையைத்தான் சொல்லும். என் சிக்கலும் அதுதான். நாளை முள் நகராவிட்டால் இன்று நான் சொன்னதே பொய் என்பார்கள். ஒரு மோர்ப்பானை என் இரண்டு வருட உழைப்பைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிடும்.

மறுநாள் அவள் டம்ளர் கழுவப் போனபோது பானையில் மருந்தை ஊற்றினேன். பெருங்காய வாசனையில் வாடை தெரியவில்லை. மோரைக் கொட்டுவார்கள், அவள் வேறு பிழைப்பைப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். முள் நகர்ந்தது. படலத்தில் இம்முறை ஒரு குறையும் இல்லை.

"எங்கையால கலக்குனதுங்க. வெசமான்னு நீங்களே பாத்துக்கங்க," என்று சொம்பில் மொண்டாள். யாரோ வேண்டாம் என்றார்கள். அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

வாந்தி எடுத்தபடி விழுந்தாள். நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்திருக்கலாம், பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அதற்கு அந்தக் கையைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.