வரிசையில் நின்ற கடிதம்

மின்னஞ்சல் மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவுவது பொறுமையுள்ள எவருக்கும் கைகூடும் வேலை. மச்சான், நீயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவாய். எங்கோ இருக்கும் பெரிய கணினியில் சின்னத் துண்டு ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும்; அதைத்தான் மெய்நிகர் சர்வர் என்கிறோம். மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால் எந்தக் கணினியிலிருந்தும் உலாவியில் அஞ்சல் பெட்டியைத் திறக்கலாம்.

உன் அக்காதான் கேட்டாள். காது முழுதாகப் போன பிறகு தொலைபேசி அவளுக்கு வெறும் டப்பா. மகன் எழுதினால்தான் உண்டு. "என் முகத்தில் முழிக்காதே" என்று நான் அவனை அனுப்பி ஆறு வருஷம் ஆகியிருந்தது. நானும் அவளும் ஒரே அஞ்சல் பெட்டியைப் பயன்படுத்தியதால், நான் படிப்பேன் என்று அவன் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

"எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக் குடுங்க. நீங்க எட்டிப் பார்க்கக் கூடாது."

"உன் குடும்ப ரகசியத்தை வச்சு நான் என்ன செய்யப்போறேன்?" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"அது உங்க குடும்பமும்தான். அதான் பயமே."

அன்றே முடித்தேன். கடிதம் வெளியே போகிறதா என்று பார்க்க, அவள் பெயரிலிருந்து அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "சாப்பிட்டியாடா?" இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. "சாப்பிட்டேன்மா. நீ?" இரண்டையும் அழித்துவிட்டு, எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று அவளுக்கு எழுதிக் காட்டினேன்.

கடவுச்சொல்லை அவளே வைத்தாள், விசைப்பலகையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. நான் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சர்வரை நிர்வகிப்பவனுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. கடிதங்கள் எல்லாம் எனக்குத் திறந்தேதான் கிடக்கும். அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பழுது எதுவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். பிறகு, அவள் அனுப்புவதெல்லாம் சர்வரில் ஒரு வரிசையில் சற்று நின்று, நான் பார்த்த பின் போகும்படி வைத்தேன். பத்து நிமிஷத் தாமதம். அவன் பதில்கள் நீண்டன. வேலை, வாடகை அறை, முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் எழுதினான். என்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு உடம்பு முடியாமல் போன வாரம் ஒரு கடிதம் வரிசையில் வந்து நின்றது. "இனி ரொம்ப நாள் இருக்க மாட்டேன்டா. ஒரு தடவை வந்துட்டுப் போ. அப்பாவை எங்கேயாவது அனுப்பி வச்சுடறேன், நீ அவரைப் பார்க்க வேண்டியிருக்காது."

அதை நான் அழிக்கவில்லை. நிறுத்தி வைத்தேன், அவ்வளவுதான். யோசித்துவிட்டு அனுப்பலாம் என்றிருந்தேன். அவளுக்கு ஊசி போட வந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டு, "பதில் வந்திருக்கான்னு கொஞ்சம் பாரும்மா" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அன்று மூன்று முறை கேட்டாள், மறுநாள் ஒரு முறை. மூன்றாம் நாள் கேட்க அவள் இல்லை.

கூடத்தில் நின்று நீ கேட்டாயே, "அவனுக்குச் சொல்லியாச்சா அத்தான்?" என்று. சொல்லியாச்சு, வர முடியாதாம் என்றேன். "பெத்தவ முகத்தைப் பார்க்க வராதவன் இனி எனக்கு மருமகனே இல்ல" என்றாய். நான் தலையாட்டினேன். அவன் முகவரி அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்பது அப்போது வசதியாக இருந்தது.

ஒரு வாரத்தில் அவனிடமிருந்து கடிதம். "ஏம்மா எழுதல? உடம்பு சரியில்லையா?" அவன் தவித்துப்போவான் என்றுதான் பதில் எழுதினேன். அவள் எழுதியதையெல்லாம் படித்திருந்ததால் அவள் நடை எனக்குச் சிரமமாக இல்லை. ஐந்து மாதமாக எழுதுகிறேன். அப்பா முன்ன மாதிரி இல்லடா, ராத்திரி உன் பழைய சட்டையை எடுத்து வச்சுப் பார்க்கறார் என்றெல்லாம் எழுதினேன். நிறுத்தி வைத்த அவள் கடிதம் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது.

நேற்று அவன் எழுதினான். "சனிக்கிழமை வரேன்மா, உன்னைப் பார்க்கணும். அப்பாவும் வீட்டில் இருக்கட்டும்."

அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன், மச்சான். வழியிலேயே அவனைச் சந்தித்து நீ சொல்லிவிடு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அவனுக்கு மட்டும் இன்று காலையில் பதில் அனுப்பிவிட்டேன். "வாடா. அப்பா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கார்" என்று எழுதி, கீழே அம்மா என்று போட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.